பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் குரலுக்கு எழுத்தில் ஓர் உறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவர்கள் அமைதியாகக் கூடிப் பேசுவதற்கும், பதாதை ஏந்தி நிற்பதற்கும், துண்டுப்பிரசுரம் கொடுப்பதற்கும் உள்ள உரிமையைத் தாம் காப்போம் என்று வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆளுகைச் சபையான பேரவையும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பேரவையும் எழுத்துமூலமாக அறிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். நான் பல ஆண்டுகள் குடியியற் கல்வி கற்பித்து, பிரதி அதிபராக ஓய்வுபெற்றவன். பேச்சுச் சுதந்திரம் குடிமகனின் உரிமை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி, அதைப் பரீட்சைக்கு மனனம் செய்யச் சொல்லி அனுப்பிய பிள்ளைகள், பல்கலைக்கழகம் போனதும் வாயைத் திறக்க அஞ்சுவதைக் காணும்போது எழும் வேதனையே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் வெளியார் அத்துமீறிப் பயிரிடுவதை எதிர்த்துப் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. சித்தாண்டிக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடையே அதிக தூரமில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பண்ணையாளர்களுக்கு ஆதரவு தெரிவித்துவிட்டுத் திரும்பிய கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் கைதுசெய்யப்பட்டு, பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், ஆகவே விடயம் முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கைதின் உண்மையான விளைவு அந்த ஆறு பேரோடு நிற்பதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் தாய்மார், “நீ படிக்கத்தான் போனாய், வேறொன்றிலும் தலையிடாதே” என்று தொலைபேசியில் கெஞ்சத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தந்தை வயற்காரர். அவருடைய மகள் ஓர் ஆர்ப்பாட்டத்தில் சுலோக அட்டை பிடித்து நின்ற படம் முகநூலில் வெளிவந்த சில நாட்களில், இன்ன பிரிவிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவரை அழைத்து, மகள் யாரோடு பழகுகிறாள், விடுமுறைக்கு எப்போது வீட்டுக்கு வருவாள் என்றெல்லாம் விசாரித்தார். மிரட்டல் என்று சொல்லத்தக்க ஒரு வார்த்தையும் அந்த உரையாடலில் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. யாரையும் கைது செய்யாமலே, ஒரு தொலைபேசி அழைப்பினாலேயே அவளுடைய குரல் அடங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1) ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும், அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும், சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் தருகிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்த நாளிலிருந்து இவை இடைநிறுத்தப்படும் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. இவ்வுரிமைகளுக்கு வரையறைகள் உண்டு என்பதும் உண்மைதான். இன, மத நல்லிணக்கம், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறர் உரிமை போன்ற காரணங்கள் 15ஆம் உறுப்புரையில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அவ்வரையறைகள் சட்டத்தினால் விதிக்கப்பட வேண்டியவை. ஓர் அதிகாரி காலையில் அழைத்து “இன்று கூட்டம் கூடாது” என்று வாய்மொழியாகச் சொல்வதும், அறிவித்தற் பலகையில் இரண்டு வரி ஒட்டுவதும் சட்டம் ஆகிவிட மாட்டா.

நம்முடைய உயர் நீதிமன்றமே இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறது. 1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் “ஜனகோஷ” என்ற பெயரில், நாடெங்கும் குறித்த நேரத்தில் மணியடித்தும் மேளம் கொட்டியும் வாகன ஒலியெழுப்பியும் அரசாங்கத்துக்கு எதிர்ப்புக் காட்டும்படி மக்களை அழைத்தன. அதில் கலந்துகொண்ட ஒருவரைப் பொலிஸார் தடுத்தது தொடர்பான அமரதுங்க எதிர் சிறிமால் வழக்கில், மேளத்தின் ஒலியும் அரசியலமைப்பு பாதுகாக்கும் கருத்து வெளிப்பாடே என்று 1993இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பேச்சும் எழுத்தும் மட்டுமல்ல, பதாதையும் மறியலும் கறுப்புப் பட்டியும்கூட வெளிப்பாடுதான் என்று அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் மார்க் பெர்னாண்டோ விளக்கினார். நியாயமான எதிர்ப்பின் அமைதியான வெளிப்பாட்டை இன்று நசுக்கினால் அது பிறிதொரு நாள் வன்முறையாக வெடிப்பதில்தான் முடியும் என்றும் அவர் எச்சரித்தார். ஆயுதப் போராட்டத்தின் நடுவே வாழ்ந்து வந்த நமக்கு அந்த எச்சரிக்கையின் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தலுக்கு எதிராக நம் மாணவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டிருந்தால், அதன் பிறகு நடந்தவற்றில் எவ்வளவோ தவிர்க்கப்பட்டிருக்கும் என்று என் தலைமுறையில் பலர் இன்றும் எண்ணுகிறோம்.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறை வேறாக இருக்கிறது. தற்காலிக ஏற்பாடாக 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் இன்று வரை மாணவர்கள்மீது பாய்ந்துகொண்டிருக்கிறது. 2012 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் மாவீரர் நாளில் போரில் இறந்தோரை நினைந்து விளக்கேற்றியதையும், மறுநாள் அவர்கள் நடத்திய ஊர்வலம் தாக்கப்பட்டதையும் தொடர்ந்து நான்கு மாணவர்கள் இச்சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டு, அவர்களிற் சிலர் மறு ஆண்டு வரை தடுத்து வைக்கப்பட்டார்கள். 2019 மே மாதத்தில் அதே பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் கைதானார்கள். இது தமிழ் மாணவர்களுக்கு மட்டும் நேர்வது என்றும் எண்ண வேண்டாம். 2022 ஓகஸ்ட்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே இச்சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு நீதவான் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். அந்த ஐந்து மாதங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவை முன்னனுப்புவதற்குக்கூட மாணவர்கள் இரண்டு முறை யோசிக்கிறார்கள்.

கிழக்கின் வளாகத்துக்கு இதில் தனியான ஒரு வரலாற்றுச் சுமை உண்டு. அதைப் பேசாமல் இவ்விடயத்தைப் பேச முடியாது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகம், 1990இல் உயிருக்குப் பயந்து ஓடிவந்த பல்லாயிரம் மக்களின் அகதிமுகாமானது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அம்முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். எவரும் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உறவினர் இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். 2006 டிசெம்பர் 15ஆம் திகதி அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவருக்கே அந்த நிலை என்றால், முதலாம் வருட மாணவர் ஒருவர் எந்தத் துணிவில் வாய் திறப்பார்? அத்தகைய மண்ணில் பேச்சுரிமைக்கு மற்ற இடங்களைவிடக் கூடுதலான காப்பு தேவை என்பதே என் வாதம்.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர் குரலை நசுக்கியது அரசு மட்டுமல்ல. 1986இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த மட்டக்களப்பு மாணவர் விஜிதரன் கடத்தப்பட்டபோது, அவரை விடுவிக்கக் கோரிச் சக மாணவர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டது நம்மவரான ஆயுத இயக்கத்தினர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்து. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம, எல்லாத் தரப்பினரின் அத்துமீறல்களையும் எழுதியதற்காகவே சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் அதே பல்கலைக்கழகத்தின் மாணவியும் கவிஞருமான செல்வி கொண்டுசெல்லப்பட்டார். நமக்கு உவப்பான பேச்சுக்கு மட்டும் பாதுகாப்புக் கேட்டு, உவப்பில்லாத பேச்சைத் துரோகம் என்று முத்திரை குத்தும் பழக்கத்தை நாம் இன்னும் முழுமையாக விட்டுவிடவில்லை. வளாகத்தில் ஒரு மாணவி எழுந்து, நாம் புனிதமாகக் கருதும் ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், அவளுக்கு எதிராக முகநூலில் எத்தனை பேர் திரள்கிறார்கள் என்பதை நாம் பார்க்காமலில்லை.

ஆகவேதான், நான் கேட்கும் உறுதி யார் பேசுகிறார், எதைப் பேசுகிறார் என்று பார்க்காததாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நம் மாவட்டங்களின் வளாகங்களில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கிறார்கள். 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தோரின் நினைவாக மே 18இல் கஞ்சி வழங்க விரும்பும் மாணவருக்கும், காஸா மக்களுக்காகப் பதாதை பிடிக்கும் மாணவருக்கும், விடுதியில் நீரில்லை, மகாபொல புலமைப்பரிசில் கொடுப்பனவு பிந்துகிறது என்று சிங்களத்தில் சுலோகம் எழுதும் மாணவருக்கும் விதி ஒன்றாகவே இருக்க வேண்டும். நிருவாகத்துக்குப் பிடித்த கூட்டத்துக்கு மண்டபத்தைத் திறந்து விடுவதும், பிடிக்காத கூட்டத்துக்கு “மின்சாரத் திருத்தவேலை” என்று காரணம் சொல்லிப் பூட்டுவதும் நடக்கும் வரை, எந்தச் சமூகத்து மாணவருக்கும் அந்த உரிமை உண்மையில் இல்லை. இன்று எனக்காக வளைக்கப்படும் விதி நாளை எனக்கெதிராகவும் வளையும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். படிப்புக் கெடுகிறது, பரீட்சைகள் பிந்துகின்றன, சில போராட்டங்கள் வன்முறையில் முடிகின்றன என்பார்கள். இவற்றில் உண்மை இருக்கிறது. நிருவாகக் கட்டடத்தைப் பூட்டி உத்தியோகத்தர்களை உள்ளே அடைத்து வைப்பது அமைதியான போராட்டமல்ல. மேடையில் ஏறியவரைப் பேசவிடாமல் கூச்சலிட்டு இறக்கிவிடுவதும் கருத்துச் சுதந்திரமல்ல; அது இன்னொருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பகிடிவதை. சிரேஷ்ட மாணவர்களுக்குப் பயந்து, எதற்கென்றே தெரியாமல் ஊர்வலத்தில் கொண்டுவந்து நிறுத்தப்படும் புதுமுக மாணவரை நான் போராட்டக்காரராகக் கருத மாட்டேன். அவரும் பேச்சுரிமை இழந்தவர்தான். இக்குற்றங்களுக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பகிடிவதையோடு ஆட்களைத் தடுத்து வைப்பதும், இடங்களைப் பலாத்காரமாகப் பிடித்து வைப்பதும், சொத்துக்குச் சேதம் விளைவிப்பதும் அச்சட்டத்தில் குற்றங்களே. தவறு செய்த ஆளை அடையாளம் கண்டு அவர்மீது அச்சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கலாம். கல்லெறிந்தவர் ஒருவர் என்பதற்காகப் பாட்டுப் பாடி நின்ற 200 பேரையும் குற்றவாளிகளாக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. 1980இல் இலங்கை இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேசப் பொருத்தனையை விளக்கி, ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2020இல் வெளியிட்ட கருத்துரையும் இதையே சொல்கிறது: கூட்டத்தில் சிலர் செய்யும் வன்முறையைக் கூட்டம் முழுவதன்மீதும் சுமத்தக்கூடாது.

கலகம் வந்த பின் விதி எழுத உட்கார்வதனால் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது மட்டக்களப்பாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, நிருவாகத்திடமும் மாணவர்களிடமும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளப்பட்ட எந்த ஒழுங்கும் கைவசம் இருக்கவில்லை. வாயிலில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வெளியே ஆயுதம் தாங்கியவர்கள் நின்றார்கள், வடக்குக் கிழக்கெங்கும் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 11ஆம் திகதி காலை துணைவேந்தர் வந்து மீளக் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டினார். ஒரு கல்லும் எறியப்படாமல் மாணவர்கள் பெற்ற வெற்றி அது என்று நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்த மூன்று இரவுகளில் அந்த வாயிலில் என்னவெல்லாம் நடந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

பேரவைகள் வெளியிட வேண்டிய உறுதி நீண்ட ஆவணமாக இருக்க வேண்டியதில்லை. வளாகத்துக்குள் கூடுவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, முன்னறிவித்தல் கொடுத்தால் போதும் என்று அது தொடங்க வேண்டும். விரிவுரை நடக்கும் மண்டபங்களுக்கும் நூலகத்துக்கும் அருகில் ஒலிபெருக்கி வேண்டாம், நோயாளர் வண்டிக்கும் நடமாட்டத்துக்கும் வழி விட வேண்டும் என்பன போன்ற நேர, இட ஒழுங்குகளை மாணவர் ஒன்றியங்களோடு பேசி வகுக்கலாம். பல்கலைக்கழகங்கள் சட்டமே மாணவர் ஒன்றியங்களை அங்கீகரித்திருக்கும்போது, அவற்றோடு பேசுவதில் நிருவாகத்துக்கு எந்த இழுக்கும் இல்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும் நிலையில் அன்றி, துணைவேந்தரின் எழுத்துமூல வேண்டுகோள் இல்லாமல் பொலிஸாரும் படையினரும் ஒரு கூட்டத்தைக் கலைப்பதற்காக வளாகத்துக்குள் அழைக்கப்படமாட்டார்கள் என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். கூட்டத்தில் நின்றவர்களின் பெயர்ப்பட்டியலையும் கண்காணிப்புக் கமெராப் பதிவுகளையும் நீதிமன்றக் கட்டளையின்றி எவரிடமும் கையளிக்க மாட்டோம் என்பதும், பேசியதற்காக மட்டும் பெற்றோரை அழைத்து எச்சரிக்க மாட்டோம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஒழுக்காற்று விசாரணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் துப்பாக்கியைவிட இப்போது அதிகம் பயன்படும் கருவி அதுதான். என் பிள்ளைகளில் ஒருவருக்குப் பதிவு நாளில் கொடுக்கப்பட்ட கைநூலைப் புரட்டிப் பார்த்தேன். செய்யக்கூடாதவை பக்கம் பக்கமாக இருந்தன. அமைதியாகக் கூடுவது உங்கள் உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. “பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம்” என்ற ஒரு சொற்றொடருக்குள் எதையும் அடக்கிவிடலாம். விசாரணை முடியும் முன்பே வகுப்புத்தடை வருகிறது. விசாரணை மாதக்கணக்கில் இழுபடுகிறது. குற்றமற்றவர் என்று முடிவானாலும் போன பரீட்சை போனதுதான். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு வருடம் பிந்துவது என்றால், வீட்டில் அடுத்த பிள்ளையின் படிப்பும் பிந்துகிறது. ஆகவே குற்றச்சாட்டு மாணவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். துணைக்கு ஒரு விரிவுரையாளரையோ சட்டத்தரணியையோ அழைத்துச் செல்ல இடமிருக்க வேண்டும். வன்முறைக் குற்றச்சாட்டு இல்லாத வழக்குகளில் முடிவு வரும் வரை வகுப்புக்கும் பரீட்சைக்கும் தடை கூடாது.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சில தகவல்களையும் இங்கே சேர்க்கிறேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போய் வழக்காட வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. பல்கலைக்கழகங்களும் பகிரங்க அதிகாரசபைகள் என்பதால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒழுக்காற்று விதிகளையும் கூட்டங்களைத் தடைசெய்த தீர்மானங்களின் பிரதிகளையும் எவரும் கேட்டுப் பெறலாம். 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். பயந்து ஒடுங்கும் பெற்றோர் பலருக்கு இந்த வாசல்கள் திறந்திருப்பதே தெரியாது.

விரிவுரையாளர்களிடமும் ஒரு வார்த்தை. தாம் மாணவராக இருந்த காலத்தில் பதாதை பிடித்தவர்கள் பலர் இன்று பல்கலைக்கழகத்தின் கல்விசார் உயர் சபையான மூதவையில் அமர்ந்திருக்கிறார்கள். மாணவர் ஒருவர்மீது விசாரணை என்று வரும்போது அவர்களுடைய மௌனமே எங்களைப் போன்ற பெற்றோரை அதிகம் வருத்துகிறது. ஒரு மாணவரின் கருத்தோடு உடன்படாமலே, அவர் அதைச் சொல்லலாம் என்று எழுந்து நிற்க முடியும். அப்படி எழுந்து நிற்கும் இரண்டு பேராசிரியர்கள் இருந்தால் போதும், பல தடையுத்தரவுகள் எழுதப்படவே மாட்டா.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு கோரிக்கை உண்டு. மாணவர் போராட்டச் செய்திகளில் பொலிஸ் பேச்சாளரின் கூற்றும் நிருவாகத்தின் அறிக்கையும் முழுமையாக வருகின்றன. மாணவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது பெரும்பாலும் கடைசிப் பந்தியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அவர்களுடைய கோரிக்கைகளை முதலில் எழுதுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் பேரவைகளும் இந்த உறுதியைத் தமது அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, மாணவர் பிரதிநிதிகளையும் அழைத்துக் கலந்துரையாடி, அடுத்த புதுமுக மாணவர் பதிவு தொடங்குவதற்கு முன் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தரும் பதிலை, அது மறுப்பாக இருந்தாலும், தாங்கள் இதே பக்கத்தில் பிரசுரிக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.